பத்தொன்பதாம் அதிகாரம் எங்கே?

எங்கள் சுருட்டுக் கூடத்தில் எதை வாசித்தாலும் அது கதைதான். செய்தித்தாள் வாசித்தாலும் கதை, மந்திரி பேசியதை வாசித்தாலும் கதை. மேடையில் வாசிப்பாளன் உட்கார்ந்து வாசிப்பான். நாங்கள் கையால் இலையைச் சுற்றிக்கொண்டு காதால் கேட்போம். பிடித்திருந்தால் சவேத்தாவைப் பலகையில் தட்டுவோம். பிடிக்காவிட்டால் தரையில் போடுவோம். சவேத்தா என்பது இலை நறுக்குகிற, பிடியில்லாத, வளைந்த கத்தி. கூடம் முழுக்க அது சிமெண்டுத் தரையில் விழுகிற சத்தத்தை ஒருமுறை கேட்ட வாசிப்பாளன் அந்தப் புத்தகத்தை மறுநாள் கையில் எடுக்க மாட்டான். எழுதினவன் எப்பேர்ப்பட்ட கொம்பனாக இருந்தாலும் எங்களுக்கு ஒன்றுதான்.

கியூபாவில் கோயில் பக்கம் போனவர்களை அதுவரை முறைத்துக்கொண்டிருந்த அரசாங்கம், கிறிஸ்துமஸுக்கு மறுபடி விடுமுறை கொடுத்த சமயம் அது. அடுத்து எந்தப் புத்தகம் என்று ஓட்டெடுப்பு வந்தபோது எவரிஸ்தோ எழுந்து, "வேதப் புஸ்தகத்தப் படிங்க" என்றான். எவரிஸ்தோ எனக்கு முன்வரிசையில் சுற்றுகிறவன். தொந்தியைப் பலகைக்கு அடியில் திணித்துக்கொண்டுதான் அவனால் உட்கார முடியும். அவனுக்குப் பக்தியெல்லாம் கிடையாது. பொலீட்டாப் பைத்தியம். பொலீட்டா என்றால் எங்கள் ஊர்த் திருட்டு லாட்டரி. சாயங்காலம் வெளிநாட்டு ரேடியோவில் வருகிற எண்ணை வைத்து நடக்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் உருவம் உண்டு. ஒன்று குதிரை, எட்டு பிணம், பதினெட்டு சின்ன மீன். வேதப் புத்தகத்தில்தான் அதிகாரத்துக்கு அதிகாரம் எண் போட்டிருக்கிறதே. மதியம் எந்த அதிகாரத்தில் வாசிப்பு தொடங்குகிறதோ அந்த எண்ணில் கட்டினால், கடவுளே காதில் வந்து சொன்ன மாதிரி என்பது அவன் கணக்கு. பாதிக் கூடம் அதற்காகவே கை தூக்கியது. மீதிப் பாதி, இத்தனை வருஷம் வீட்டுக்குள் ஒளித்து வைத்திருந்த புத்தகத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்கத் தூக்கியது. நான் இரண்டாவது ரகம்.

சங்கத் தலைவி ஒர்த்தென்சியா கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தாள். "இலக்கியமா நெனச்சுப் படிச்சா ஒண்ணும் தப்பில்ல," என்றாள். "ஆனா நடுவுல எவனாவது ஆமென் போட்டான், அப்புறம் எனக்குக் கெட்ட கோவம் வரும்."

வாசிப்பாளன் வில்ஃப்ரெதோவுக்குத்தான் தலைகால் புரியவில்லை. அவன் மனைவி பேச்சைக் கேட்டு ஒரு பாஸ்டர் வீட்டில் நடக்கிற ஜெபக்கூட்டத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தான். வேதத்தை வாசித்தே எங்களையெல்லாம் கரையேற்றிவிடலாம் என்று நினைத்தான், பாவம். குளித்து, மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு வந்து மேடையேறினான். நல்ல குரல் அவனுக்கு. வெண்கலப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி இருக்கும்.

முதல் நாளே உலகம் உண்டாகி முடிந்தது. "ஆறே நாள்லயா?" என்றான் எவரிஸ்தோ. "அதான் இந்த லட்சணத்துல இருக்கு. தரம் பாக்குற மேசைக்கு அனுப்பியிருந்தா பாதிக்கு மேல திரும்பி வந்திருக்கும்."

அப்புறம் இவன் அவனைப் பெற்றான், அவன் இன்னொருவனைப் பெற்றான் என்று பக்கம் பக்கமாகப் போயிற்று. "இது கதையில்ல, ரேஷன் கடை வரிசை" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். திரும்பிப் பார்த்த பாவத்துக்கு ஒரு பெண் உப்பாகிப் போனாள். எங்களுக்கு ரேஷனில் உப்பு வந்து எவ்வளவோ நாளாகியிருந்தது. "எந்த ஊர்னு கேட்டுச் சொல்லு வில்ஃப்ரெதோ, ஒரு கிண்ணம் சுரண்டிட்டு வந்துர்றேன்" என்றாள் இன்னொருத்தி. கடல் பிளந்து ஜனங்கள் நடந்து போன அன்றைக்கு மட்டும் கூடம் முழுவதும் கத்தியைத் தட்டித் தீர்த்தது. தீவை விட்டுக் கடலைத் தாண்டித் தப்பிப் போவது என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரு மயக்கம் உண்டு. சங்கத் தலைவி அதைப் பார்த்ததாக இருக்கக் கூடாது என்று ஒர்த்தென்சியா இருமுவதுபோல் எழுந்து வெளியே போய்விட்டாள்.

நான் முதன்முதலாகக் கத்தியைத் தரையில் போட்டது, பெற்ற பிள்ளையை மலைக்குக் கூட்டிப் போய்க் கட்டிப் போட்டு ஒருத்தன் கத்தியை ஓங்குகிற இடத்தில். கடைசி நிமிஷத்தில் வேண்டாம் என்று குரல் வந்து, ஆட்டை வெட்டுகிறான். வில்ஃப்ரெதோ கண் கலங்க, "எப்பேர்ப்பட்ட விசுவாசம் பாருங்க" என்றான்.

"சரி, மலையிலேர்ந்து எறங்குறப்ப அந்தப் பையன் அப்பன்கிட்ட என்ன பேசினான்?" என்றேன்.

"அதெல்லாம் எழுதல நெரெய்தா."

"அதுதானய்யா கதை. அத விட்டுட்டு ஆட்டுக்குக் கொம்பு எதுல மாட்டிச்சுன்னு எழுதி வெச்சிருக்கான்."

கூடத்தில் கத்திகள் தட்டின, எனக்காக. கடைசி வரிசை ஃபெலிசியாதான் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். வாரம் தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள் அவள். அரசாங்கம் முறைத்த காலத்தில் எல்லாரும் ஒளிந்துகொண்டபோதும் போனவள். "கடவுள் நல்லவருதான்டி," என்றாள். "எழுதினவங்கதான் சரியில்ல." கூடத்தில் சொல்லப்பட்ட அபிப்பிராயங்களிலேயே அதுதான் மரியாதையானது.

இத்தனை கூத்துக்கு நடுவிலும் வாயைத் திறக்காதவள் என் பக்கத்துப் பலகை இடால்மிஸ். முப்பது வயசு இருக்கும். பூனை மாதிரி வருவாள், சுற்றுவாள், போவாள். உண்மையைச் சொன்னால் அவளைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக இருக்கும். கன்னத்தில் காயத்தோடு வருவாள். கேட்டால், கதவு இடித்தது என்பாள். அந்த வீட்டில் கதவைத் தவிர வேறு எதுவுமே கிடையாதா என்று ஒருநாள் கேட்டே விட்டேன். அழுதாள். அழுதால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

அப்புறம் ஒருநாள் அவள் புருஷன் ரிகோ அவளுடைய வலதுகைக் கட்டைவிரலைப் பின்னால் மடக்கி ஒடித்தான். குடித்துவிட்டுக் கண்மண் தெரியாமல் அடித்ததல்ல. நிதானமாக உட்காரவைத்து, பிடித்து, ஒடித்தான். சுருட்டுச் சுற்றுகிறவளுக்குக் கட்டைவிரல் என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியாதா? அவனும் இதே ஊர்க்காரன்தானே. எலும்பு ஏறுமாறாகக் கூடியது. அன்றிலிருந்து அவள் சுற்றுகிற சுருட்டில் மேலிலை இறுக்கமாக உட்காராது. பாதி திரும்பி வந்துவிடும். அதற்குப் பிறகுதான் அவளுக்குக் கொஞ்சமாவது புத்தி வந்து அப்பா கிராசியானோ வீட்டுக்கு ஓடி வந்தாள். அங்கேயும் சும்மா விட்டார்களா? வில்ஃப்ரெதோ நல்லது செய்கிறேன் பேர்வழி என்று அவளைத் தன் பாஸ்டரிடம் கூட்டிப் போனான். பாஸ்டர் வேதத்தைத் திறந்து, மனைவி புருஷனுக்கு அடங்கி நடக்க வேண்டும் என்கிற இடத்தை வாசித்துக் காட்டி, மன்னித்துத் திரும்பிப் போ என்று ஜெபம் பண்ணி அனுப்பினார். விரலையும் தொட்டு ஜெபித்தாராம். விரல் அப்படியேதான் இருந்தது.

அவள் போகாமல் அப்பா வீட்டிலேயே இருந்தாள். நாலு மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிகோ மாமனார் வீட்டுக்கு வந்தான். கிராசியானோவுக்கு வாயெல்லாம் பல். பன்றிக் கால் வாங்கிச் சுட்டார்கள், ரம் வாங்கினார்கள், வாசலில் மேசை போட்டு டோமினோ ஆடினார்கள். திங்கள் போகிறேன் என்றவனைச் செவ்வாய் போகலாம் என்றார் மாமனார். செவ்வாய், புதனாயிற்று. ஊரே பார்த்தது. மகள் விரலை ஒடித்தவனுக்கு ஊற்றிக் கொடுக்கிற அப்பனை நான் அப்போதுதான் முதல்தடவையாகப் பார்த்தேன்.

வியாழக்கிழமை காலையில் இடால்மிஸ் வந்து உட்கார்ந்தபோது கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"என்னடி, ராத்திரி தூங்கலியா?"

"விடியுமுன்ன எந்திரிச்சேன். மரவள்ளி உரிக்கச் சொன்னாரு அப்பா. அவருக்குப் புடிக்கும்."

"எவருக்கு?"

"ரிகோவுக்கு."

"வெரல ஒடிச்சவனுக்கு அதே கையால மரவள்ளி உரிச்சுப் போட்டுட்டு வர்ற."

"மனசு மாறித்தான் வந்திருக்காருன்னு சொல்றாரு அப்பா. அழுதாராம்."

"உங்கிட்டயா அழுதான்?"

"இல்ல. அப்பாகிட்ட."

இலையில் தண்ணீர் தெளித்து விரித்தாள். கட்டைவிரல் வளையாததால் உள்ளங்கையால் தேய்த்தாள். "இன்னிக்கு வேலை முடிஞ்சதும் கேட்டுக்கு வர்றாங்க," என்றாள். "பெட்டிய அப்பா கொண்டாந்துருவாரு. இங்கேர்ந்தே அப்படியே போயிடணுமாம்."

"நீ போறியா?"

அவள் தோளைக் குலுக்கினாள். "பாஸ்டரும் போகத்தான் சொல்றாரு. எல்லாரும் சொல்றாங்க. போகாம எங்க இருக்குறது?"

போ, போய் அடுத்த விரலையும் நீட்டு என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்ததும் வில்ஃப்ரெதோ மேடையேறினான். வேதத்துக்குள் ஏழாவது புத்தகம் ஓடிக்கொண்டிருந்தது; முந்தின நாள் அதில் பதினெட்டாம் அதிகாரத்தோடு நிறுத்தியிருந்தான். இன்றைக்குத் தண்ணீர் குடித்தான், தொண்டையைச் சரிசெய்தான், பக்கத்தைப் புரட்டினான். எங்களைப் பார்க்காமல், "இருபதாம் அதிகாரம்" என்றான்.

எவரிஸ்தோவின் கை நின்றது. "யோவ், பத்தொம்போது எங்க?"

"அது... கதைக்கு அவ்வளவு அவசியமில்ல எவரிஸ்தோ. இனிமே வர்ற சண்டைதான் முக்கியம்."

"அவசியமா இல்லியான்னு நீ யாரு சொல்ல? பத்தொம்போது புழு. நான் மதியமே புழு மேல கட்டிட்டு வந்திருக்கேன். நான் மட்டுமா, இந்த வரிசை பூராவும் புழுதான். இப்ப வந்து இருபதுன்னு சீமைப் பூனையத் தூக்கிக் காட்டுற."

கூடம் சிரித்தது. ஆனால் சிரிப்பு சீக்கிரம் நின்றது. எங்கள் கூடத்தில் பக்கம் தாண்டுகிற வாசிப்பாளனும் உள்ளே இலையைக் குறைத்துச் சுற்றுகிறவனும் ஒன்று. வாசிப்பாளனை நாங்கள்தான் ஓட்டுப் போட்டு வைக்கிறோம். ஓட்டுப் போட்டு இறக்கவும் முடியும். அது அவனுக்கும் தெரியும்.

"ஒண்ணுமில்லப்பா, ஒரு சின்னக் குடும்பத் தகராறு," என்றான் வில்ஃப்ரெதோ. நெற்றியைத் துடைத்தான். "பாஸ்டர்தான் சொன்னாரு. பொம்பளைங்க இருக்குற எடத்துல அதப் படிக்க வேணாம்னு."

அவ்வளவுதான். பெண்கள் எழுந்துவிட்டோம். இந்தப் புத்தகத்தில் குடித்துவிட்டு அம்மணமாகக் கிடந்தவனைக் கேட்டோம், அப்பனுக்கு ஊற்றிக் கொடுத்த மகள்களைக் கேட்டோம், ஊர் ஊராகக் குழந்தை குட்டியோடு வெட்டிப் போட்டதைக் கேட்டோம், இப்போது எங்கள் காதுக்கு என்ன புதிதாக வெட்கம் வந்துவிட்டது என்று நான் கேட்டேன். ஒர்த்தென்சியா ஓட்டுக்கு விடலாம் என்றாள்.

அப்போதுதான் என் பக்கத்திலிருந்து குரல் வந்தது. இடால்மிஸின் குரலை அந்தக் கூடத்தில் பாதிப் பேர் அன்றைக்குத்தான் முதலில் கேட்டிருப்பார்கள். "படிங்க வில்ஃப்ரெதோ," என்றாள். "பாஸ்டர் இதே புஸ்தகத்துலேர்ந்துதான் எனக்குப் படிச்சுக் காட்டினாரு. நீங்களும் கூட இருந்தீங்க. அது மட்டும் நான் கேக்கலாம், இது கேக்கக் கூடாதா?"

வில்ஃப்ரெதோ அவளைப் பார்த்தான். அப்புறம் ஒரு தாளைப் பின்னால் புரட்டினான்.

ஒருத்தன். அவனுக்கு ஒரு பெண், மனைவி என்றும் சொல்ல முடியாது. அவள் அவனை விட்டு அப்பா வீட்டுக்குப் போய்விடுகிறாள். நாலு மாசம் கழித்து அவன் ஒரு வேலைக்காரனையும் இரண்டு கழுதையையும் கூட்டிக்கொண்டு, நயமாகப் பேசித் திருப்பிக் கூட்டிவர வருகிறான். மாமனார் மகிழ்ந்து போகிறார். உட்கார வைத்துச் சோறு, குடி. இரு, நாளைக்குப் போகலாம் என்கிறார். மறுநாளும் சோறு, குடி. இரு, நாளைக்குப் போகலாம்.

எல்லோர் கண்ணும் இடால்மிஸ் பக்கம் போய்ப் போய்த் திரும்பியது. அவள் இலையை வைத்த இடத்திலேயே வைத்துக்கொண்டு மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இரு இரு," என்றேன் நான். "அஞ்சு நாளா ரெண்டு ஆம்பளையும் திங்கிறானுங்க, குடிக்கிறானுங்க. பொண்ணு எங்க?"

"அங்கதான் இருக்கா."

"என்ன சொல்றா?"

வில்ஃப்ரெதோ பக்கத்தை மேலும் கீழுமாகப் பார்த்தான். "அவ ஒண்ணும் பேசல."

"பேரு என்ன?" என்றான் எவரிஸ்தோ.

"பேரு போடல."

"கழுதை ரெண்டுன்னு எண்ணி எழுதத் தெரிஞ்சவனுக்கு அவ பேரு எழுதத் தெரியலியா?"

வில்ஃப்ரெதோ மேலே வாசித்தான். புறப்படுகிறார்கள். இருட்டுகிறது. ஒரு ஊரில் ஒரு கிழவன் தன் வீட்டில் தங்க வைக்கிறான். ஊர்ப் பொறுக்கிகள் வந்து கதவை இடித்து, உள்ளே இருக்கிற அந்த ஆம்பளையை வெளியே விடு என்கிறார்கள். கிழவன், விருந்தாளியைத் தொடாதீர்கள், என் மகள் இருக்கிறாள், இவன் கூட்டி வந்தவள் இருக்கிறாள், அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறான். கடைசியில் நயமாகப் பேசிக் கூட்டி வந்த அந்தப் புருஷன், அவளைப் பிடித்துத் தன் கையாலேயே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொள்கிறான்.

அந்த இடத்தில் வில்ஃப்ரெதோவின் குரல் உடைந்தது. நிறுத்துவான் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை; அது அவனைப் பற்றி நான் சொல்லக்கூடிய ஒரே நல்ல விஷயம். விடியும் வரை அவளை என்ன செய்தார்கள் என்பதை அந்தப் புத்தகம் ஒரே வரியில் சொல்கிறது. வெளுக்கிற நேரத்தில் அவள் அந்த வாசலுக்கு வந்து விழுகிறாள். கை இரண்டும் வாசற்படி மேல். புருஷன் காலையில் கதவைத் திறக்கிறான், தேடுவதற்கு இல்லை, தன் வழியே கிளம்புவதற்கு. காலடியில் கிடக்கிறவளைப் பார்த்து எழுந்து கிளம்பச் சொல்கிறான். பதில் இல்லை. கழுதை மேல் தூக்கிப் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய், துண்டு துண்டாக வெட்டி, நாலா பக்கமும் அனுப்புகிறான், தனக்கு நடந்த அநியாயத்தை நாடு பார்க்கட்டும் என்று. அவனுக்கு நடந்த அநியாயமாம்.

நான் கத்தியைத் தேடுவதற்குள் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. முதலில் போட்டது ஃபெலிசியா. மாதா கோயில் ஃபெலிசியா. அவள் கத்தி சிமெண்டில் விழுந்து அதிர்ந்து அடங்கியது. அப்புறம் எல்லோருடையதும் விழுந்தது. அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பிறகு குனிந்து பொறுக்கவும் யாருக்கும் மனசில்லை.

"இது தப்புன்னு காட்டத்தான் எழுதியிருக்கு," என்றான் வில்ஃப்ரெதோ. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. "அந்தக் காலத்துல கேள்வி கேக்க ஆளில்ல, அவனவன் நெனச்சதச் செஞ்சான்னு புஸ்தகமே சொல்லுது. இப்ப வர்ற சண்டையே இதுக்குத்தான். நாடே பொங்கி எழும்."

"எப்ப பொங்குச்சு?" என்றேன். "துண்டு கைக்கு வந்ததுக்கப்புறம். கதவத் திறந்து தள்ளுனப்ப அந்த வீட்டுக்குள்ள எவன் பொங்கினான்?"

"எழுதினவன் கெட்டிக்காரன்தான்," என்றான் எவரிஸ்தோ மெதுவாக. "கை வாசற்படி மேல இருந்துச்சுன்னு எழுதியிருக்கான் பாரு. அது பாத்தவன் எழுதின எழுத்து. ஆனா பாத்துட்டு என்ன பண்ணினான்னுதான் தெரியல." அவன் புழுவைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

"நல்லா எழுதியிருந்தா நாத்தம் போயிருமா?" என்றாள் ஃபெலிசியா.

இடால்மிஸ் எழுந்து நின்றாள். கத்தி அவள் பலகையிலேயே இருந்தது, அவள் போடவில்லை. "அவளோட அப்பா?" என்றாள்.

"என்னது?" என்றான் வில்ஃப்ரெதோ.

"அஞ்சு நாள் சோறு போட்டாரே, அவரு. அவருக்கு ஒரு துண்டு போச்சா?"

வில்ஃப்ரெதோ வாசித்த பக்கத்தைப் பார்த்தான். அடுத்த பக்கத்தைப் பார்த்தான். அதற்கடுத்ததையும் விரலால் தடவிக்கொண்டே போனான். "அவரப் பத்தி அப்புறம் ஒண்ணும் இல்ல," என்றான்.

அவள் உட்கார்ந்தாள். மீதி நேரம் முழுவதும் சுற்றினாள். அவள் போகத்தான் போகிறாள் என்று நினைத்தேன். இவ்வளவையும் கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு, ரிகோவின் சைக்கிள் பின்னால் ஏறி உட்காரத்தான் போகிறாள். அதை நினைக்க நினைக்க எனக்கு அந்தக் கதை மேல் இருந்த அருவருப்பெல்லாம் அவள் மேல் திரும்பியது.

மணி அடித்தது. கேட்டுக்கு வெளியே ரிகோ சீன சைக்கிளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான். தலைக்கு எண்ணெய், புதுச் சட்டை, முகத்தில் நல்ல பிள்ளைச் சிரிப்பு. பக்கத்தில் கிராசியானோ, ஐந்து நாள் ரம்மில் சிவந்த மூக்கோடு. கையில் அவளுடைய அட்டைப் பெட்டி, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கூடத்துச் சனம் மொத்தமும் வந்து கேட்டில் நின்றது.

"எல்லாம் பேசி முடிச்சாச்சு மகளே," என்றார் கிராசியானோ. "இனிமே ஒரு குறையும் வராது."

"யார்கிட்ட பேசினீங்க?"

"மாப்பிள்ளைகிட்டதான்."

"ஏறு இடால்மிஸ்," என்றான் ரிகோ, சிரிப்பு மாறாமல். "எல்லாரும் வேடிக்கை பாக்குறாங்க."

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. "அப்பா, நான் இப்ப இவரு கூடப் போறேன்னு வெச்சுக்குங்க. நாளைக்கு இவரு மறுபடி அடிச்சு, நான் தப்பிச்சு வந்து நம்ம வீட்டு வாசல்ல விழுந்தா, நீங்க என்ன பண்ணுவீங்க?"

"என்ன பேச்சு இது? அப்படியெல்லாம் நடக்காது."

"நடந்தா?"

கிராசியானோ மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தார். என்ன சொல்லலாம் என்று அவனிடம் அனுமதி கேட்கிற மாதிரி ஒரு பார்வை. அதை இடால்மிஸ் பார்த்தாள், நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

"சரிப்பா," என்று பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

ரிகோ எட்டி அவள் கையைப் பிடித்தான். அதே வலதுகை. சிரிப்பு இப்போது இல்லை. நான் ஒரு அடி வைத்தேன். அதற்குள் எவரிஸ்தோ முன்னால் போய்ச் சைக்கிளின் முன்சக்கரத்தில் தன் தொந்தியை முட்டுக் கொடுத்து நின்றுகொண்டான். அவன் பின்னால் ஃபெலிசியா, அவள் பின்னால் வில்ஃப்ரெதோ, மடிப்புக் கலையாத சட்டையோடு. ரிகோ எல்லோரையும் ஒருமுறை பார்த்தான், கையை விட்டான், தரையில் துப்பினான்.

இடால்மிஸ் என்னிடம் வந்தாள். "நெரெய்தா, உங்க வீட்டுல எடம் இருக்குமா?"

என் வீட்டில் ஒரே ஒரு கட்டில். கூரை ஒழுகும். அவளோடு ஒருநாளும் நான் நல்லபடியாக இரண்டு வார்த்தை பேசியதில்லை. "நான் கொறட்டை விடுவேன்," என்றேன். "அழுதா எனக்குப் புடிக்காது. வா."

நாங்கள் தெருமுனை வரை போயிருக்க மாட்டோம். பின்னாலிருந்து கிராசியானோ கூப்பிட்டார். "மகளே, மகளே, நில்லு." குரல் நடுங்கியது. அவள் நின்றாள். நானும் நின்றேன். என்ன இருந்தாலும் பெற்றவர், இப்போதாவது மனசு கரைந்திருக்கும் என்று நான்கூட நினைத்தேன். அவர் மூச்சு வாங்க ஓடி வந்து எங்களுக்கு முன்னால் நின்றார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"பீன்ஸ் ஊறப் போட்டுட்டு வந்தியே," என்றார். "அத எத்தனை மணிக்கு அடுப்புல ஏத்தணும்? மாப்பிள்ளை காலையில மரவள்ளி சாப்பிட்டதோட சரி."

அவள் பெட்டியைக் கை மாற்றிக்கொண்டு நடந்தாள். கயிறு கையை அறுக்கும்போல இருந்தது. ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன்.